விழுந்த தோப்பில் எழுபது நாள் பயிர்: கஜாவுக்குப் பின் ஒரு தென்னை விவசாயக் குடும்பம்

2018 நவம்பரில் தொடங்கி 2025 வரை ஒரே குடும்பத்தோடு தொடர்பில் இருந்ததில் நாங்கள் பார்த்ததையும் செய்ததையும், செய்யத் தவறியதையும் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரிடம் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதத்தோடு எழுதியது. பெயரும் ஊரும் இல்லை. "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் மூன்று பேர்: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், நான். கஜா புயல் நிவாரணத்துக்காகக் கூடிய நாங்கள் எந்த அமைப்பின் பெயரிலும் வேலை செய்யவில்லை.

பின்னணி

பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள கிராமம் அது. கால்வாயை ஊரில் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் வரும் என்று நம்பி நெல் விதைத்து ஏமாந்த தலைமுறை, மெல்ல மெல்ல வயலை மேடாக்கித் தென்னைக்கு மாறியது. மணல் கலந்த மண் தென்னைக்கு ஒத்துப்போனது. ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டு மோட்டார் வைத்தவர்கள் தோப்புக்காரர்கள் ஆனார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர், அதில் 208 மரங்கள். அப்பா வைத்த தோப்பு. பெரும்பாலான மரங்களுக்கு முப்பது வயதுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு ஏறக்குறைய 3,000 காய். குடும்பத் தலைவருக்கு அப்போது 52 வயது, மனைவிக்கு 46. மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மனைவியின் 78 வயது மாமியாரும் வீட்டில் இருந்தார். கன்று வைத்த காலத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் அவர்தான்.

கடன் நான்கு இடத்தில். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் நகைக்கடன், நுண்கடன் நிறுவனம் ஒன்றில் மனைவி பெயரில் குழுக்கடன், வெளியில் வட்டிக்கு ஒரு லட்சம். வெட்டுக்கு வெட்டு காசு வந்துகொண்டிருந்தவரை இது பாரமாகத் தெரியவில்லை. கடன் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வெட்டை நம்பி வாங்கியதுதான்.

அந்த இரவும் அடுத்த பத்து நாளும்

2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி, 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. இந்தப் பகுதியில் மழையைவிடக் காற்றுதான் பேயாட்டம் ஆடியது. ஒரு பக்கமாக அடித்த காற்று சற்று ஓய்ந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தபோதுதான் பெரும்பாலான மரங்கள் சாய்ந்தன என்று ஊரில் எல்லாருமே சொன்னார்கள். முதல் காற்றில் வேர் இளகி, இரண்டாம் காற்றில் விழுந்திருக்கிறது. சில மரங்கள் வேரோடு சாயாமல் நடுவில் முறிந்து, ஈட்டி போல நின்றன.

விடிந்தபோது அவர்கள் தோப்பில் 183 மரங்கள் தரையில் கிடந்தன. 25 நின்றன. மாட்டுக் கொட்டகை மேல் மரம் விழுந்து ஒரு பசு செத்திருந்தது. ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்ததால் குடிதண்ணீர்கூட ஜெனரேட்டர் வைத்து ஏற்றினால்தான் என்ற நிலை. வீட்டுக்கு மின்சாரம் வர ஏறக்குறைய ஒரு மாதம், தோப்பு மோட்டாருக்கு வர தை பிறக்க வேண்டியிருந்தது.

நாங்கள் அரிசியும் தார்ப்பாயும் கொண்டு போனது ஆறாம் நாள். வீட்டுக்காரர் அங்கே இல்லை. தோப்பில், விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் போனவர் இருட்டின பிறகுதான் வருகிறார் என்றார் மனைவி. சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோய் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது.

நாங்கள் பார்த்தவை

ஆறுதல் சொன்ன எதுவும் எடுபடவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அழிந்து, அங்குள்ளவர்கள் மறுபடி கன்று வைத்து எழுந்ததை வேளாண் அலுவலர் எடுத்துச் சொன்னார். மாமியாரும் தன் பங்குக்கு, "அம்பத்திரண்டுலயும் விழுந்துச்சுடா. அப்பவும் வச்சோம்ல" என்றார். வீட்டுக்காரர் எதையும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து போய்விட்டார். முப்பது வருடத்து மரத்தைப் பறிகொடுத்தவரிடம் "மறுபடியும் வைக்கலாம்" என்று சொன்னால், அது அவர் காதில் இன்னொரு முப்பது வருடக் கணக்காகத்தான் விழுந்தது. அப்போது அவருக்கு 82 வயது ஆகியிருக்கும்.

மனைவியின் நிலை வேறு. அவரும் அழுதார். ஆனால் அழுதுகொண்டே ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். விழுந்த காய்களில் முற்றியதை ஒரு பக்கமும் இளசை ஒரு பக்கமும் குவித்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் காய் குவிந்து கிடந்ததால் வியாபாரி சொன்னதுதான் விலை. அந்த விலைக்கும் கொடுத்தார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வியை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன்: "தம்பி, எத்தன மரம் போச்சுன்னு எல்லாரும் எண்ணிட்டுப் போறாங்க. இந்த மண்ணுல அடுத்து எப்ப காசு வரும்னு யாராவது சொல்லுங்க."

பிறகு நடந்த அத்தனைக்கும் அந்தக் கேள்விதான் தொடக்கம். "எழுந்து வருவோமா" என்று அவர் கேட்கவில்லை. "எப்போது" என்றுதான் கேட்டார். அதற்கு நாள் கணக்கில் பதில் சொல்ல முடியும்.

பதினொன்றாம் நாள் மகள் ஆசிரியையிடம் தனியாக வந்து, "அப்பா ராத்திரி எந்திரிச்சு மருந்து ரூமுக்குப் போறாங்க டீச்சர்" என்றாள். தோப்புக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்து வைக்கும் அறை அது.

முதல் முடிவு: உயிர்

அன்று மாலையே நேரடியாகக் கேட்டோம். சுற்றி வளைத்துக் கேட்பதா, நேராகக் கேட்பதா என்று எங்களுக்குள் தயக்கம் இருந்தது. கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்தது போல ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஆசிரியை ஒரு பயிற்சியில் கற்றிருந்ததைச் சொன்னார்: கேட்பதால் எண்ணம் வருவதில்லை, கேட்டால்தான் பேச வழி பிறக்கும். "அண்ணே, உயிரை விட்டுடலாம்னு தோணுதா" என்று அவரே கேட்டார். நீண்ட நேரம் கழித்து, "தோணுது" என்றார் அவர்.

அன்றிரவே மருந்து டப்பாக்கள் அத்தனையும் பக்கத்து வீட்டுக்குப் போயின. அவரைத் தனியே விடுவதில்லை என்று மைத்துனர் இருவர் முறை வைத்துக்கொண்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். கோயிலுக்குப் போய் மந்திரித்தால் போதும் என்று உறவில் சிலர் சொன்னார்கள். கோயிலுக்கும் போங்கள், மாத்திரையும் போடுங்கள் என்று மருத்துவரே சொன்னதால் அந்தச் சண்டை அங்கேயே நின்றது. மாத்திரை எட்டு மாதம் ஓடியது. வேலை வந்ததும் மனம் தானாகத் தேறிவிட்டது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னால் அது பொய். மருத்துவமும் வேலையும் சேர்ந்துதான் அவரை மீட்டன. இதே நிலையில் யாராவது இருந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 2022 முதல் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் பேசலாம். உயிர் போகும் பேச்சு காதில் விழுந்தால் அன்றே செய்ய வேண்டிய வேலை அது.

இரண்டாம் முடிவு: நீண்ட பயிருக்கு முன் குறுகிய பயிர்

ஊரில் பெரும்பாலானோர் நிவாரணப் பணத்துக்காகக் காத்திருந்தார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. இவர்கள் கணக்குக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் பட்டா இன்னும் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, அண்ணன் சம்மதம் என்று அது இழுக்கும் என்பது தெரிந்த விஷயம். (அப்படித்தான் ஆனது. பணம் மே மாதம் வந்தது.)

அதனால் மூன்று ஏக்கரையும் சுத்தம் செய்யக் காத்திராமல், போருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏக்கரை மட்டும் முதலில் எடுப்பது என்று முடிவானது. மணிக்கணக்குக்கு பொக்லைன் வாடகை எகிறியிருந்தது. உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ரம்பத்தோடு வந்தார்கள். மாறி மாறி ஒருவர் தோப்பில் ஒருவர் உழைப்பது என்று பேச்சு. செங்கல் சூளைக்காரர் ஒருவர் கொஞ்சம் மரத்தைக் காசில்லாமல் எடுத்துப்போனார். மீதியை வேலி ஓரமாக, மற்ற இரண்டு ஏக்கரின் எல்லையில் உருட்டி அடுக்கினோம். அந்த அடுக்குதான் பிறகு பெரிய வினையாகத் திரும்பி வந்தது.

பயிர் எது என்பதில் விவாதம். நிலக்கடலைக்கு நூறு நாளுக்கு மேல் ஆகும், விதைச் செலவும் அதிகம். உளுந்துக்கு எழுபது நாள் போதும். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை. தண்ணீரும் குறைவு, பனி ஈரமும் கைகொடுக்கும். பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கும் வம்பன், பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில்தான் இருக்கிறது. அங்கே உருவான ரகத்தின் விதையை அலுவலர் ஏற்பாடு செய்தார். லாபத்தைப் பார்த்து யாரும் உளுந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிகச் சீக்கிரம் கைக்கு வருவது அதுதான் என்பதே காரணம்.

அலுவலரிடம் ஒரு பழக்கம் உண்டு. பேச்சை முடிக்கும்போது "நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வீட்டுக்காரரிடமும் தினமும் அதையே கேட்டார். முதல் சில நாள் பதில் இல்லை. பிறகு "மட்டை அள்ளணும்" என்றார். பிறகு "கிழக்கால மூணு மரம் அறுக்கணும்" என்றார். மகள் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். இன்றைக்கு நடந்தது ஒரு பக்கம், நாளைக்கு என்பது எதிர்ப்பக்கம். டிசம்பர் மத்தியில் எதிர்ப்பக்கத்தில் ஒரே வரி. ஜனவரியில் நாலைந்து வரி. அவர் தேறுவதை நாங்கள் அந்த நோட்டில்தான் பார்த்தோம்.

மோட்டாருக்கு மின்சாரம் வந்த வாரமே விதைத்தார்கள். மார்ச் கடைசியில் அறுவடை. 310 கிலோ. செலவு போக நின்றது 9,000 ரூபாய்க்குச் சற்று மேல். வெளிக்கடன் வட்டிக்குக்கூட முழுசாகப் போதாத தொகை.

ஆனால் எடை போடும் இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வியாபாரியின் தராசில் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்தது. வீட்டுக்காரர் மூட்டையை இறக்கச் சொல்லி, பக்கத்துக் கடைத் தராசில் மறுபடி ஏற்றி, சத்தம் போட்டு, குறைந்த எடைக்கும் காசு வாங்கினார். நான்கு மாதத்தில் அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. "சண்ட போடட்டும் தம்பி, விடுங்க" என்றார்.

மூன்றாம் முடிவு: கடனும் மகனும்

நுண்கடன் வசூலுக்கு ஆள் வருவது டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஒருவர் கட்டவில்லை என்றால் குழு முழுவதையும் உட்கார வைத்துவிடுவார்கள். குழுவில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தோப்பு போயிருந்தது. தனித்தனியாகப் பேசிப் பயனில்லை என்று கண்ட மனைவி, குழுவையே திரட்டி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தஞ்சாவூர் போனார். அதற்கு முன் அவர் ஆட்சியர் அலுவலகப் படி ஏறியதில்லை. கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மனுவில் கேட்கவில்லை. "உளுந்து அறுக்கும்வரை அவகாசம்" என்று தேதி போட்டுக் கேட்டிருந்தார்கள். நான்கு மாதம் கிடைத்தது. தேதியோடு கேட்டதுதான் வேலை செய்தது என்பது என் எண்ணம். கேட்பவர் பக்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது என்று அது காட்டியது.

மகனுக்கு சிங்கப்பூர் வேலைக்கு ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கேட்டார். படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்றான் அவன். இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார், அதனால் அதில் வினோதம் ஒன்றுமில்லை. ஆனால் புதுக்கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் பேசி, படிப்பை முடித்துவிட்டு முடிவெடுப்பது என்று ஆனது. மாமியார்தான் தன் காதுப் பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்து அந்த வருடக் கட்டணத்தைக் கட்டச் சொன்னார். மகள் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினாள். மின்சாரம் வரும்வரை மாலையில் ஆசிரியை வீட்டில் சார்ஜ் விளக்கில் படித்தாள். பிறகு செவிலியர் படிப்பில் சேர்ந்தாள்.

நான்காம் முடிவு: எந்தக் கன்று

பிப்ரவரியில் மீதி மட்டைகளை அள்ளும்போது மனைவி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். புயலில் விழுந்து கீற்றுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த நெற்று. மட்டையைக் கிழித்துக்கொண்டு விரல் நீளத்துக்கு வெளிர்பச்சைக் குருத்து ஒன்று நின்றது. நுனி ஈட்டி போலக் கூர்ந்து, அடியில் இன்னும் தந்த நிறம். மட்டையின் ஈரத்தில் மண்ணும் எறும்பும் ஒட்டியிருந்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. கணவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு அன்று முழுக்கத் தோப்பைக் கிளறி, முளைத்தது நூற்றுப்பத்து எடுத்தார்.

அலுவலர் இதில் உடனே தலையாட்டவில்லை. தாய் மரம் எது என்று தெரியாத நெற்று. நல்ல காய்ப்பு வரும் என்று உறுதி சொல்ல முடியாது. மறுபக்கம், லாரியில் வந்து இறங்கிய கன்றுகளுக்கு எந்தத் தோப்பு தாய் என்றும் யாருக்கும் தெரியவில்லை. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக் கன்றுகளுக்கோ மாவட்டமே வரிசையில் நின்றது. கடைசியில் இரண்டும் கலந்த முடிவு. அரசு நாற்றங்காலில் கிடைத்த 60 நெட்டை குட்டை ஒட்டுக் கன்றுகளை 2019 ஆடியில் நடுவது. அவை நான்காம் வருடமே பாளை விடும், ஆனால் தண்ணீரும் உரமும் தாராளமாகக் கேட்கும். முளைத்த நெற்றுகளை போர் ஓரம் பாத்தியில் வளர்த்து, ஆறு இலையும் கழுத்தில் பத்து சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த தையில் நடுவது. அப்படித் தேறியவை 72. மீதி 38 கன்றுகளைத் தூக்கி எறிய வீட்டுக்காரருக்கு மனசே வரவில்லை. அலுவலர் கண்டிப்பாக இருந்தார்.

மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. 25 அடி இடைவெளி. கன்றுகளுக்கு நடுவே வாழை. வாழைக்கு வருமானம் மட்டும் காரணமல்ல. 1952 புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில்தான் தென்னையில் அடித்தண்டழுகல் நோய் முதலில் கவனிக்கப்பட்டது. தஞ்சாவூர் வாடல் என்றே அதற்குப் பெயர். புயலில் அடிபட்ட தோப்பில் அது மறுபடி தலைகாட்டும் என்று அலுவலர் பயந்தார். வாழையை ஊடுபயிராக வைப்பதும் மரத்துக்கு வருடம் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுவதும் அதைக் கட்டுப்படுத்தும் முறைகள். நின்ற 25 மரங்களில் குருத்து முறுகியிருந்த 11 அடுத்த கோடைக்குள் செத்தன. மீதி 14-க்கும் புண்ணாக்கு தவறாமல் போனது.

பின்னடைவு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கத்தரியும் கொத்தவரையும் காய்த்துக் கிடந்தன. சந்தை இல்லை. மிதிவண்டியில் வைத்து ஊருக்குள்ளேயே விற்றார்கள். அது சமாளிக்கக்கூடிய அடியாகத்தான் இருந்தது.

பெரிய அடி அந்த வருடம் ஐப்பசியில் தொடங்கியது. இளங்கன்றுகளின் புது ஓலை விசிறி போலக் கத்தரிக்கப்பட்டு விரிந்தது. காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது மக்கிய தென்னை மரத்தில். வேலி ஓரம் நாங்கள் அடுக்கிய கட்டைகளைப் புரட்டியபோது, கட்டைவிரல் தடிமனில் வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்களைக் கூடை கூடையாக எடுத்தோம். பக்கத்துத் தோப்பிலும் அதே நிலை. 132 கன்றுகளில் 29 செத்தன.

இது எங்கள் தவறு. கட்டை மக்கினால் வண்டு வரும் என்பது அலுவலருக்குத் தெரியாததல்ல. முதல் ஏக்கரைச் சீக்கிரம் விதைக்கும் அவசரத்தில், அடுத்த சித்திரைக்குள் அப்புறப்படுத்திவிடலாம் என்று தள்ளிப்போட்டோம். நிவாரணப் பணம் வந்தபோது அதில் பெரும்பகுதி கடன்களுக்குப் போனது. கட்டை அப்படியே கிடந்தது. வீட்டுக்காரர் எங்களைக் குறைசொல்லவில்லை. அலுவலர் அந்த வாரம் முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

அப்போது வீட்டுக்காரர் மறுபடி உடைந்துவிடுவாரோ என்று எல்லாரும் பயந்தோம். மைத்துனர்களிடம் சொல்லி வைத்தோம். ஆனால் மூன்றாம் நாள் அவரே பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஐந்து பேரைக் கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைத்திருந்தார். ஒருவர் மட்டும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஊர் வண்டெல்லாம் அவர் தோப்புக்குத்தான் வரும். எல்லாரும் ஒரே வாரத்தில் எல்லை ஓரங்களில் வைக்க வேண்டும். கட்டைகளைப் பிளந்து, புழு பொறுக்கி, வண்டுப் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தை எருக்குழிகளில் ஊற்றினார்கள். கன்றுகளின் உள் இலை இடுக்கில் மூன்று அந்துருண்டை வைத்து மேலே மணல். 45 நாளுக்கு ஒரு முறை அதை மாற்றுவது மனைவியின் பொறுப்பானது. செத்த இடங்களில் மறுபடி கன்று வைத்தார்கள்.

அந்த நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தது. அது புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது, இங்கே சேதமில்லை. ஆனால் இரண்டு இரவு அவர் தூங்கவில்லை. நின்ற 14 மரங்களிலிருந்தும் காய்களையும் முதிர்ந்த மட்டைகளையும் பகலிலேயே இறக்கி வைத்திருந்தார். இரவில் திண்ணையில் உட்கார்ந்து காற்றின் திசையையே கவனித்துக்கொண்டிருந்தார் என்று மகன் சொன்னான். மருத்துவரிடம் மறுபடி ஒரு முறை போய்வந்தார். இம்முறை யாரும் சொல்லி அல்ல.

விளைவு

ஒட்டுக் கன்றுகளில் 2023-ல் முதல் பாளை வெடித்தது. அடுத்த வருடம் எண்ணிப் பார்க்கும் அளவுக்குக் காய். 2025-ல் தேங்காய் விலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியபோது, இவர்களிடம் விற்க ஓரளவு காய் இருந்தது. நிவாரணம் வந்தால் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று வருடம் தள்ளி நட்டவர்களிடம் அப்போது காய் இல்லை. நெற்றிலிருந்து வந்த நெட்டை மரங்கள் இப்போதுதான் பாளை காட்டத் தொடங்கியிருக்கின்றன. அவை எப்படிக் காய்க்கும் என்று இன்னும் சில வருடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடன் முழுவதும் தோப்பிலிருந்து அடையவில்லை. நுண்கடனை உளுந்தும் கடலையும் வாழையும் அடைத்தன. வெளிக்கடனின் மிச்சத்தையும் நகையையும் மீட்டது, படிப்பை முடித்து 2022-ல் சிங்கப்பூர் போன மகனின் சம்பளம். அவன் டிப்ளமோவோடு போனதால் 2018-ல் ஏஜென்ட் பேசியதைவிட நல்ல வேலையில் சேர்ந்தான். மாமியார் 2021-ல் காலமானார். பாம்படம் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

குழுவில் இருந்த பெண்கள் இப்போதும் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். வண்டுப் பொறி மாற்றும் தேதி அங்கேதான் முடிவாகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது காப்பீடு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் கஜாவுக்கு முன்பே இருந்தது. அப்போது 16 முதல் 60 வயது வரையான மரத்துக்கு 1,750 ரூபாய் காப்பீடு. பிரீமியம் மரத்துக்கு வருடம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். 208 மரத்துக்கு 728 ரூபாய். இந்தக் குடும்பம் அதைக் கட்டியிருக்கவில்லை. நாங்கள் விசாரித்த தோப்புகளில் கட்டியவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. இன்றைக்கு எங்கே போனாலும் அலுவலர் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான்.

இரண்டாவது பட்டா. பெயர் மாற்றாத பட்டாவால் நிவாரணம் நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்த நான்கு மாதத்தில் கட்டையும் மக்கத் தொடங்கியது. புயலுக்கு முந்தைய நாள் செய்ய முடிகிற வேலையல்ல அது. அமைதியான வருடத்தில் அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது.

மூன்றாவது எங்கள் அணுகுமுறை. முதல் ஐந்து நாள் நாங்கள் அரிசி பங்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் "யார் சாப்பிடுவதில்லை, யார் தூங்குவதில்லை" என்று கேட்டிருந்தால் இவரை ஆறாம் நாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பெண் துணிந்து வந்து சொன்னதால்தான் தெரிந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வருகிறது. இப்போது எங்கள் நிவாரணப் படிவத்தில் அந்த இரண்டு கேள்விகளும் அரிசி, தார்ப்பாய்க்கு முன்னால் இருக்கின்றன.

நான்காவது கட்டைகள். ஒரு ஏக்கரை விதைத்த அன்றே மற்ற இரண்டு ஏக்கரின் கட்டைகளுக்கும் தேதி குறித்திருக்க வேண்டும். மகளின் நோட்டில் அந்த வேலை ஒருநாளும் எதிர்ப்பக்கத்தில் ஏறவில்லை என்பதை நாங்கள் பிறகுதான் புரட்டிப் பார்த்தோம்.

இந்தப் பதிவைப் படித்துக் காட்டப் போன அன்று வீட்டுக்காரர் தோப்பில் இருந்தார். தனியாக நின்ற 14 மரங்களில் இரண்டை அடுத்த மாதம் வெட்டப்போவதாகச் சொன்னார். வயதாகிவிட்டது, காய் குறைந்துவிட்டது. கட்டையை என்ன செய்வீர்கள் என்று அலுவலர் கேட்டார். "அன்னைக்கே சூளைக்கு ஏத்திடுவேன் சார், வண்டி சொல்லியாச்சு" என்றார்.